ஏழாவது பாலம்

என் வீட்டுக்காரர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிற யாரையாவது சொல்லச் சொல்வேன். எழுதுவதில் குற்றமில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவர் பெயர் சரவணமுத்து. வயது ஐம்பத்து மூன்று. கேஸ் டேங்கர் ஓட்டுகிறவர். மங்களூரில் கேஸ் ஏற்றி, பெங்களூர் வழியாக வந்து, தொப்பூர் மலை இறங்கி, சேலம், கரூர் பக்கம் சிலிண்டரில் அடைக்கிற இடங்களில் கொண்டுபோய் இறக்குவார். இருபத்தெட்டு வருடமாக இதே வேலை. இதுவரை ஒரு நாய்க்குட்டி மேல்கூட ஏற்றியதில்லை என்று லாரி முதலாளி கதிர்வேல் போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் சொல்வார்.

நான் சௌந்திரம். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கிறேன். இரண்டு முட்டையைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று லேசாகத் தட்டினால் நல்ல முட்டை கணீரென்று கேட்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் விட்டிருந்தால் சத்தம் அமுங்கிவிடும். ஒரு நாளைக்கு ஏழெட்டாயிரம் முட்டையாவது என் காதைத் தாண்டித்தான் அட்டைக்குப் போகிறது. பதினைந்து வருடமாக எதையும் நம்பாமல் தட்டிப் பார்த்துப் பிழைக்கிறவள் நான். புருஷனை மட்டும் தட்டாமல் விடுவேனா?

எங்கள் குடித்தனத்தில் பாதி போனிலேயே நடந்தது. மாதத்தில் ஐந்தாறு நாள்தான் வீட்டில் இருப்பார். மீதி நாளெல்லாம் நான் கூப்பிடுவேன்.

"எங்கீங்க இருக்கறீங்க?"

"ஹாசன் தாண்டிட்டேன்."

"போனச் சன்னலுக்கு வெளிய நீட்டுங்க பாக்கலாம்."

நீட்டுவார். யாராவது கன்னடத்தில் கத்துகிற சத்தம் வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். ஊருக்கு வந்ததும் சட்டையை முகர்ந்து பார்ப்பேன். டீசல் வாசனையைத் தவிர ஒன்றும் இருக்காது. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் மாட்டியதில்லை. அதனால் என் சந்தேகம் குறைந்ததா என்றால், இல்லை. இவ்வளவு சுத்தமாக ஒரு மனுஷன் இருக்க முடியுமா என்று அது இன்னும் கொழுத்தது.

அவர் இதற்கெல்லாம் கோபித்துக்கொண்டதில்லை. அவரும் தட்டிப் பார்க்கிற ஆள்தான். வண்டி எடுக்கும் முன்னால் ஒரு இரும்புக் கம்பியோடு சுற்றி வந்து ஒவ்வொரு டயராகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். காற்று குறைந்த டயர் சத்தத்திலேயே தெரிந்துவிடும். நான் பண்ணையில் சேர்ந்த புதிதில் முட்டை தட்டுவதைப் பற்றி அவரிடம் சொன்னேன். "அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே வேலதான் செய்யறோம்" என்று சிரித்தார். சிரித்தால் அழகாக இருப்பார். அதனாலும் எனக்குச் சந்தேகம்தான்.

இந்த வருடம் ஆடி கடைசியில் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை.

"முதுகு வலி. ரெண்டு மாசம் படுத்து எந்திரிக்கறேன். ஆயுத பூசையன்னைக்கு வந்து வண்டி ஏறிக்கறேன்னு கதிர்வேல்கிட்டச் சொல்லிட்டேன்" என்றார்.

டைபாய்டு வந்தபோதே பத்து நாளில் எழுந்து போன மனுஷன். முதுகு வலி என்கிறவர் குனிந்து செருப்பைத் துடைக்கிறார். கட்டிலுக்கு அடியில் கையை விட்டுப் பெட்டியை இழுக்கிறார். எந்த ஊர் முதுகு வலி இது? முதலாளியோடு தகராறா என்று கதிர்வேலுக்குப் போன் போட்டேன். "முத்தண்ணனுக்கு எத்தன மாசம் வேணும்னாலும் எடுத்துக்கட்டுங்கக்கா. இளவழகன்னு ஒரு ஆள் அதுவரைக்கும் ஓட்டறான். வண்டி அண்ணனுதுதான்" என்றார். அப்படியானால் தகராறு இல்லை. வேறென்ன?

பதினைந்து நாள் கழித்து அடுத்த வீட்டு மாரக்காள் என்னைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்துக்கொண்டாள்.

"ஏ சௌந்திரம், நீ வேலைக்குப் போனதுக்கப்புறம் உங்கூட்டுல என்ன கச்சேரி? பத்து மணியானா உங்கூட்டுக்காரரு கதவச் சாத்திக்கறாரு. உள்ளார பாட்டுக் கேக்குது. தினமும் அதே பாட்டு. எட்டிப் பாக்கலாம்னா சன்னலும் சாத்தி."

எங்கள் தெருவில் பகலில் கதவைச் சாத்துகிற வழக்கம் கிடையாது. சாத்தியிருந்தால் ஒன்று வீட்டில் ஆள் இல்லை, இல்லையென்றால் ஆகாத காரியம் நடக்கிறது. மறுநாள் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பத்தரைக்கே பண்ணையை விட்டுக் கிளம்பினேன். வீட்டுப் பின்பக்கம் போய், அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, மேலே ஏறி, காற்று போகிற துவாரத்தில் கண்ணை வைத்தேன். ஐம்பதை நெருங்குகிற பொம்பளை அண்டா மேல் நிற்பதை நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கும் தெரியும். அன்றைக்கு அதையெல்லாம் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

உள்ளே பெண் யாரும் இல்லை. அவர் மட்டும் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் பிடிக்கிற மாதிரி ஒரு கருப்புச் சாமான் கையில் இருந்தது. டிவியில் ஒரு சிவப்பு ஜீப் ஓடிக்கொண்டிருந்தது. கட்டம் கட்டமாக, குழந்தை கிறுக்கிய மாதிரி ஒரு ஜீப். அது ஒரு பாலத்தைத் தாண்டியது, இன்னொன்றைத் தாண்டியது, பிறகு குழிக்குள் விழுந்தது. பாட்டு நின்று 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வந்தது. அவர் நெற்றியில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். விளையாடுகிறவர் முகம் அப்படி இருக்காது. பரீட்சை எழுதுகிறவர் முகம் அது.

பெண் இல்லை என்று நிம்மதி வந்தது. அது அண்டாவை விட்டு இறங்குகிற வரைக்கும்தான். எங்கள் தெருவில் ஒருவன் போனிலேயே சீட்டாடித் தறியை விற்றுவிட்டு ஊரைவிட்டே போனது ஞாபகம் வந்தது. இவர் டிவியில் ஆடுகிறாரோ? அந்தச் சாமானோடு டிவிக்கு அடியில் இருந்த கருப்புப் பெட்டி எங்கள் மகள் கிருத்திகா பெங்களூரிலிருந்து பார்சலில் அனுப்பியது. அவளுக்கு அங்கே கம்பெனி வேலை. என்ன பெட்டி என்று கேட்டபோது, "டிவியில நெட்டு வாரதுக்கு" என்று சொல்லியிருந்தார். இருபத்தெட்டு வருடத்தில் நான் கண்டுபிடித்த முதல் பொய். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது, மறைப்பானேன்.

கிருத்திகாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, அது கேம் ஆடற பெட்டி. அப்பாதான் கேட்டாரு. காசெல்லாம் கட்ட வேண்டியதில்லம்மா."

"காசு கட்டாத ஆட்டத்துக்குக் கதவ எதுக்குச் சாமி சாத்தோணும்?"

"உனக்குத்தான் எல்லாம் சந்தேகமாச்சே, அதனால இருக்கும். நான் மூணாவது படிக்கறப்ப அப்பா ஒரு டிவி கேம் வாங்கிட்டு வந்தாரே, கேசட்டு போட்டு ஆடறது, ஞாபகம் இருக்கா? அதுல வந்த ஜீப் ஆட்டந்தான் இது. இப்பத்த பெட்டியிலயும் அந்தப் பழைய ஆட்டமெல்லாம் கிடைக்குது. புதுசா ரெண்டு கார் ஆட்டம் போட்டுக் குடுத்தேன், அப்பா வேண்டாம்னுட்டாரு."

"ஏன் வேண்டாமாம்?"

"அது ஆரம்பிக்கவே அரை மணி நேரம் கதை சொல்லுதாம். தப்புப் பண்ணினாலும் தட்டிக்குடுத்துக் கூட்டிட்டுப் போவுதாம். பழசுன்னா இருபது நிமிசத்துல முடிஞ்சிரும், தப்புப் பண்ணினா குழிதான், அதான் சரியா இருக்கும்னாரு."

எனக்கு அந்த கேசட்டு ஞாபகம் இருந்தது. லோடு முடிந்து வந்தால் அப்பனும் மகளும் டிவி முன்னால் உட்கார்ந்துகொள்வார்கள். மொத்தம் பதினெட்டுப் பாலம். அவர் ஒரே மூச்சில் பதினெட்டையும் தாண்டுவார். மகள் கைதட்டுவாள், நான் சமையல்கட்டிலிருந்து கத்துவேன். சரி, அது அப்போது. ஐம்பத்து மூன்று வயதில், மகள் இல்லாத வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு வேர்க்க வேர்க்க ஆட வேண்டிய அவசியம் என்ன? "அதான் சரியா இருக்கும்" என்றால் எதற்குச் சரியாக இருக்கும்? மகள் சொன்னதை நான் பாதிதான் நம்பினேன்.

மீதி பாதிக்குப் பதில் அடுத்த வாரம் சாமி படத்தைத் துடைக்கும்போது விழுந்தது. படத்துக்குப் பின்னால் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள், ஒரு கட்டு. ஒவ்வொன்றின் பின்பக்கமும் பேனாவில் ஒரே ஒரு எண். இது நம்பர் லாட்டரிதான் என்று முடிவு கட்டினேன். கதவைச் சாத்திக்கொண்டு, இந்தமுறை நான் சாத்தினேன், தாள்களைத் தேதி வாரியாகக் கட்டிலில் பரப்பினேன். மூன்று, மூன்று, நான்கு, ஐந்து, ஐந்து, ஆறு, ஏழு. அதற்குப் பிறகு ஏழு, ஏழு, ஏழு. ஒருநாள் ஆறு. மறுபடி ஏழு. லாட்டரி நம்பர் இப்படி ஒரே இடத்தில் படுத்துக்கொள்ளாது. அண்டா மேல் நின்று பார்த்தது ஞாபகம் வந்தது. அவர் எழுதியது பாலத்தின் கணக்கு. எந்தப் பாலம் வரைக்கும் போய் விழுந்தார் என்று தினமும் எழுதி வைக்கிறார்.

ஒரு ஆட்டத்தில் தோற்றதை ஒரு மனுஷன் எதற்குச் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டும்? கேட்டால் சொல்லமாட்டார். அதனால் நானே ஆடிப் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

தினமும் நாலு மணிக்கு அவர் பஸ் நிறுத்தத்து டீக்கடைக்குப் போவார். ஆறு மணிக்குத்தான் திரும்புவார். நான் இரண்டரைக்கே பண்ணையிலிருந்து வந்துவிடுவேன். கிருத்திகாவிடம் சும்மா தெரிந்துகொள்கிற மாதிரிக் கேட்டுக் கேட்டு, எதை அழுத்தினால் எது வரும் என்று படித்துக்கொண்டேன். இடது கட்டைவிரலால் ஜீப்பை முன்னே பின்னே நகர்த்த வேண்டும். வலது கட்டைவிரலால் தாண்ட வேண்டும். இரண்டே வேலை. முதல் நாள் முதல் பாலத்திலேயே இருபது தடவை விழுந்தேன். நான் ஓட்டியிருக்கிற ஒரே வண்டி லேடீஸ் சைக்கிள்தான், அதிலும் பிரேக் பிடிக்காது.

மூன்றாம் நாள் தெரியாத்தனமாக வலது ஆட்காட்டி விரலுக்கு அடியில் இருந்த ஒரு பட்டனை அழுத்திவிட்டேன். குழியில் விழுந்த ஜீப் அப்படியே மேலே எழும்பிப் பின்னால் போனது. பாட்டும் சர்ரென்று பின்னோக்கி இழுத்தது. விட்டதும் விழுவதற்கு முன்னால் இருந்த இடத்திலிருந்து மறுபடி ஓடியது. பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று பயந்து மகளைக் கூப்பிட்டேன்.

"கெடலம்மா. பழைய ஆட்டமெல்லாம் ரொம்பக் கஷ்டம், அதனால இப்ப ஆடறவங்களுக்காக அப்படி ஒண்ணு வெச்சிருக்காங்க. விழுந்துட்டா பின்னால இழுத்து மறுபடி ஆடிக்கலாம். ஆமா, நீ எதுக்கு அதத் தொட்ட?"

"தூசி தொடைச்சேன்."

"அப்பா அத அழுத்தவே மாட்டாரு. அழுகுணி ஆட்டம்னு சொல்லிட்டாரு."

அவர் தொடாததை நானும் தொடவில்லை. அவர் ஆட்டத்தை அவர் ஆடுகிற மாதிரியே ஆடினால்தான் எனக்கு விஷயம் புரியும். நாலாவது பாலம், ஐந்தாவது பாலம் என்று போனேன். உண்மையைச் சொன்னால் எனக்கே அது பிடித்துப்போனது. இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், பிறகு அரிசி களையலாம். ஏழாவது பாலத்திலிருந்து மலை இறக்கம். ஜீப் தானாக வேகம் பிடிக்கும். இடது விரலால் பின்னுக்கு அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு அதை அடக்க வேண்டும். அந்த விரல் ஒரு நொடி தாமதித்தால் குழிதான். பத்தாவது பாலத்தோடு இறக்கம் முடிந்து சமதளம் வந்துவிடும்.

பன்னிரண்டாவது நாள் நான் ஏழாவது பாலத்தைத் தாண்டினேன். எட்டையும் தாண்டினேன். ஒன்பதில் போய் விழுந்தேன். சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன், மாரக்காளைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்றுகூடத் தோன்றியது. நின்ற இடத்திலேயே கணக்கு உதைத்தது.

நான் இந்தச் சாமானைப் பிடித்துப் பன்னிரண்டு நாள். அவர் கேஸ் டேங்கரை மலையில் இறக்கி ஏற்றியே வயதானவர். கிருத்திகா மூன்றாவது படிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய பாலம் அது. ஆட்டம் மாறவில்லை, அதே பாலம், அதே குழி, அதே பாட்டு. அவர் ஒரு மாதமாக அங்கேயே விழுகிறார் என்றால் மாறியது ஆட்டம் இல்லை.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முட்டை அவித்து, உரிக்காமல் தட்டில் வைத்தேன். முட்டையை வலது கையால் எடுத்துத் தட்டில் தட்டினார். வலது கையாலேயே உருட்டினார். இடது கை மடியில் கிடந்தது. "ரெண்டு கையாலயும் உரிச்சாத்தான் என்னவாம்?" என்று கேட்டேன். இடது கையைக் கொண்டுவந்தார். நாலு விரலும் முட்டையைப் பிடித்தன. கட்டைவிரல் வரவில்லை. வருகிறேன் வருகிறேன் என்று நடுங்கிக்கொண்டு நின்றது. அவர் முட்டையை அப்படியே வைத்துவிட்டு, "பசிக்கல" என்றார்.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சட்டைப் பட்டன் போடுவதை விட்டுவிட்டுப் பனியனோடே டீக்கடைக்குப் போகிறார். போனை வலது பக்கப் பைக்கு மாற்றியிருக்கிறார். டம்ளர், சீப்பு, சாவி எல்லாம் வலது கைக்குப் போயிருந்தன. சட்டையை முகர்ந்து பார்த்த நான் கையைப் பார்க்கவில்லை. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. லாரியில் இடது கைதான் கியர் போடுகிற கை. அது வேலைக்கு ஆகுமா ஆகாதா என்று அவர் வீட்டில் உட்கார்ந்து தினமும் சோதித்துக்கொண்டிருக்கிறார். பொய் சொல்லாத ஒரு பரீட்சை வேண்டும் என்றுதான் அந்தப் பழைய ஆட்டத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

எல்லாம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. ஆயுத பூஜைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அவர் தனக்குத்தானே வைத்த பரீட்சை, அவரே பார்த்துச் சொல்லட்டும் என்று இருந்தேன். இறக்கத்தைத் தாண்டிவிட்டால் அந்தக் கையோடு வண்டி ஏறிவிடுவார். அதனால் தாளைப் பார்க்கிறபோதெல்லாம் ஏழு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கட்டின புருஷன் தோற்க வேண்டும் என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்ட பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஏழுதான் இருந்தது. இரண்டு நாள் ஆறு.

பூஜைக்கு முதல் நாள் பண்ணையில் கூண்டு, வண்டியெல்லாம் கழுவுகிற வேலை, எங்களைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். பதினோரு மணிக்கு வீட்டுப் பின்பக்கம் வந்தேன். அண்டா தேவைப்படவில்லை, காது போதும். ஏழாவது பாலத்துப் பாட்டு எனக்கு மனப்பாடம், அங்கே அது வேகமெடுக்கும். வேகமெடுத்தது. 'டொய்ங்' வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாகச் சர்ரென்று ஒரு இழுப்பு. பாட்டு பின்னால் போய் மறுபடி வந்தது. மறுபடி சர்ர். மறுபடி. நான் எண்ணினேன், பதினோரு தடவை. பிறகு எட்டாவது பாலத்தில் நாலு தடவை.  கீறல் விட்ட முட்டையை நல்ல அட்டையில் வைக்கிறார் என் புருஷன்.

கொஞ்ச நேரம் கழித்து முன்வாசல் வழியாகப் போனேன். கதவு திறந்திருந்தது. கட்டிலில் அவருடைய லோடு பை. வேட்டி, துண்டு, சோப்பு டப்பா, கழுத்துத் தலையணை எல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"முதுகு சரியாயிருச்சு புள்ள. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் அப்படியே வண்டி ஏறிக்கறேன்" என்றார். முகம் மலர்ந்துதான் இருந்தது. கண் மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

நான் சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டு அன்றையத் தாளை எடுத்தேன். பத்து என்று எழுதியிருந்தது.

"ஏனுங்க, பத்தாவது பாலம் தாண்டிட்டீங்களா?"

அவர் கையிலிருந்த சோப்பு டப்பா கீழே விழுந்தது. "உனக்கெப்படித் தெரியும்?"

"நானும் ஓட்டினேனுங்க. நீங்க டீக்கடைக்குப் போற நேரத்துல. பன்னெண்டே நாள்ல ஏழாவது பாலத்தத் தாண்டிட்டேன். அழுகுணி ஆட்டம் ஆடாமத் தாண்டினேன்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு ஏழுல பதினோரு தடவ, எட்டுல நாலு தடவ பின்னால இழுத்தீங்க. செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னு எண்ணிட்டுத்தான் வாரேன். ஏனுங்க, தொப்பூர்ல அந்தப் பட்டன் எங்கீங்க இருக்குது?"

தொப்பூரை நான் வேண்டுமென்று சொல்லவில்லை. மலை என்றதும் அதுதான் வாயில் வந்தது. அவர் முகம் அப்படியே இறங்கிவிட்டது.

"தொப்பூருதான்" என்றார். "உனக்கு அதும் தெரிஞ்சு போச்சா? ஆடியில கடைசி லோடு. இறக்கத்துல மூணாவது கியர் போடறேன், கை தள்ள மாட்டேங்குது. வண்டி நியூட்ரல்ல போவுது. பின்னால பதினேழு டன் கேசு. முன்னால ஒரு காலேஜ் பஸ்சு, புள்ளைங்க பின் கண்ணாடில எட்டிப் பாத்து எனக்குக் கைய ஆட்டறாங்க. ஸ்டீரிங்க விட்டுட்டு வலது கையாலத் தள்ளி கியர் போட்டேன். அந்த ரெண்டு நொடி வண்டி யாரு கையிலயும் இல்ல சௌந்திரம்."

"எங்கிட்ட ஏனுங்க சொல்லல?"

"நீ நம்பமாட்டேன்னு நெனச்சேன்" என்றார். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. தோள் குலுங்கியது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எங்கெங்கோ ஒரு குற்றம் இருக்கும் என்று இருபத்தெட்டு வருடம் தேடியவள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இடது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். நானும் அழுதேன்.

வெகு நேரம் கழித்து அவர் எழுந்தார். பேனாவை எடுத்து, தாளில் இருந்த பத்தை அடித்துவிட்டு, ஏழு என்று எழுதினார்.

மறுநாள் இரண்டு பேரும் புதுச்சத்திரம் போனோம். நெடுஞ்சாலை ஓரம் கதிர்வேலின் லாரி நிறுத்துகிற செட்டில் வண்டி நின்றது. கழுவி, சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டி, முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். பூஜை முடிந்ததும் அந்த வண்டியின் ஓட்டுநர் ஏறி, பழத்தை நசுக்கி வண்டியை நகர்த்த வேண்டும். வேறு யாரும் ஏறக் கூடாது. இருபத்தெட்டு ஆயுத பூஜைக்கும் அவர்தான் ஏறியிருக்கிறார். கதிர்வேல் தட்டில் சாவியை வைத்து நீட்டினார். "ஏறுங்க முத்தண்ணா. ரெண்டு மாசமா வண்டிக்கு உங்க நெனப்புதான்."

அவர் சாவியை எடுத்தார்.  வேலை செய்கிற ஆட்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள் என்று முப்பது பேராவது சுற்றி நின்றார்கள். இளவழகன் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவர் நேராக அவனிடம் போய்ச் சாவியை அவன் கையில் வைத்தார்.

"நீ ஏறு தம்பி. இனி இது உன்ற வண்டி. எனக்கு இடது கை வேலைக்காவல. தொப்பூர்ல கியர் விழுவல."

அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். கதிர்வேல் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். இளவழகன் என்ன செய்வதென்று தெரியாமல் முதலாளியைப் பார்த்தான். என் வீட்டுக்காரர் கம்பியை எடுத்து எப்போதும் போல வண்டியைச் சுற்றி வந்து டயர்களைத் தட்டினார். பிறகு கம்பியையும் அவனிடமே கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். வண்டி நகர்ந்தது. பழம் நசுங்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவர் உட்கார்ந்தார். புதன்கிழமை சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நரம்பு டாக்டரைப் பார்க்க கதிர்வேலே ஏற்பாடு செய்திருந்தார். கை சரியாகலாம், ஆகாமலும் போகலாம். அவர் எதிரே வந்த டேங்கர்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். கிருத்திகா போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பா வண்டி ஏறிட்டாரா? எங்க போய்ட்டு இருக்காரு?"

எத்தனை ஆயிரம் தடவை நான் கேட்ட கேள்வி அது.

"எங்கயும் போகல சாமி, எம்பக்கத்துல இருக்கறாரு" என்றேன். அவளுக்குக் கேட்கட்டும் என்று போனை அவர் பக்கம் நீட்டினேன். அவர் அதை இடது கையில் வாங்கப் பார்த்தார். கீழே விழாமல் நான் அடியில் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன்.